பத்துக் குதிரைத்திறன் போதும்: பழைய தோட்ட டிராக்டரில் உழக் கற்பவர்களுக்கு

ஓஹையோ, இண்டியானா, இல்லினாய்ஸ் மாநிலங்களின் கிராமப்புறச் சாலைகளில் ஏப்ரல் கடைசியிலோ, அறுவடை முடிந்த அக்டோபரிலோ போகிறவர்கள் சில வயல்களில் ஒரு காட்சியைப் பார்க்கலாம். இடுப்பளவு உயரமுள்ள சின்ன டிராக்டர்கள், மஞ்சளும் சிவப்பும் பச்சையுமாக, ஒன்றன்பின் ஒன்றாக உழுதுகொண்டு போகும். பெரும்பாலானவை 1960களிலும் 1970களிலும் செய்யப்பட்டவை. மக்காச்சோளம் விதைக்க அந்த உழவு தேவையே இல்லை. நிலத்துக்காரர் தன் பெரிய இயந்திரத்தால் அந்த வேலையைச் சீக்கிரமே முடித்துவிடுவார். வந்தவர்கள் உழுவதற்காகவே உழுகிறார்கள். இப்படிக் கூடும் நாளுக்கு அமெரிக்காவில் உழவு நாள் என்றே பெயர்.

இந்தப் பொழுதுபோக்கில் இறங்க நினைப்பவர்கள் பெரும்பாலும் எத்தனை குதிரைத்திறன் வேண்டும் என்றுதான் முதலில் கேட்கிறார்கள். பத்து போதும். கலப்பை சரியாக நிறுத்தப்பட்டு, பின்சக்கரம் மண்ணைப் பிடித்துக்கொண்டால், பத்துக் குதிரைத்திறன் டிராக்டர் பத்து அங்குலக் கலப்பையைத் திணறாமல் இழுக்கும். அவை இரண்டும் சரியில்லை என்றால் பதினெட்டுக் குதிரைத்திறன் இருந்தும் சக்கரம் நின்ற இடத்திலேயே சுற்றும். ஆகவே இந்தக் கட்டுரையில் இஞ்சினைப் பற்றிக் கொஞ்சமும் கலப்பையைப் பற்றி நிறையவும் சொல்லப்போகிறேன்.

எந்த டிராக்டர்

கடையில் இன்று கிடைக்கும் புல்வெட்டும் டிராக்டர் இதற்கு ஆகாது. பார்க்க ஒரே மாதிரி இருந்தாலும், பெரும்பாலானவற்றில் பின்பக்கக் கியர்ப்பெட்டி புல்வெட்டும் பாரத்துக்கு மட்டுமே செய்யப்பட்டது. கலப்பையை மாட்டி இழுத்தால் சூடேறிக் கெட்டுவிடும். உங்களுக்கு வேண்டியது தோட்ட டிராக்டர்: கனமான சட்டம், வார்ப்பிரும்புக் கியர்ப்பெட்டி, 12 அங்குல விளிம்பு கொண்ட பெரிய பின்சக்கரம்.

தொடங்குகிறவருக்கு நான் முதலில் சொல்வது இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டர் நிறுவனத்தின் கப் கேடட். 1960இல் 7 குதிரைத்திறனோடு கென்டக்கி மாநிலத்து லூயிவில் தொழிற்சாலையில் இருந்து வரத் தொடங்கியது. அதன் பின்பக்கக் கியர்ப்பெட்டி, அதே நிறுவனத்தின் ஃபார்மால் கப் என்ற சிறு பண்ணை டிராக்டரின் வழிவந்தது. அதனால்தான் அறுபது ஆண்டுக்குப் பிறகும் உடையாமல் இழுக்கிறது. 1981இல் அந்தப் பிரிவு எம்டிடி நிறுவனத்துக்கு விற்கப்பட்டது. உழவுக்காரர்கள் தேடுவது அதற்கு முந்தைய வண்டிகளை.

இண்டியானாவின் சவுத் பெண்டில் செய்யப்பட்ட சிவப்பு நிற வீல் ஹார்ஸும் நல்ல தேர்வு. எடை குறைவு, பழுது பார்ப்பது எளிது, உதிரிபாகங்கள் இன்னும் கிடைக்கின்றன. 1963இல் வந்த ஜான் டீர் 110 உழும், ஆனால் பச்சை நிறத்துக்காகவே விலை கூடும். கேஸ் தோட்ட டிராக்டர்களில் கியருக்குப் பதில் எண்ணெய் அழுத்தத்தால் ஓடும் மோட்டார் இருக்கிறது. இழுவை அபாரம், கசிவு வந்தால் செலவும் அபாரம். (இங்கிலாந்தில் இதே ஆர்வம் உள்ளவர்கள் இப்ஸ்விச்சில் 1936 முதல் செய்யப்பட்ட ரான்சம்ஸ் எம்ஜி என்னும் சங்கிலித்தட வண்டியை நாடுகிறார்கள். அது தனிக் கதை.)

வாங்கும்போது பெயிண்டைப் பார்க்காதீர்கள். எல்லாக் கியரிலும் ஓட்டிப் பாருங்கள். மேட்டில் ஏற்றிப் பாருங்கள். பின் அச்சின் இரு முனைகளிலும் எண்ணெய்க் கசிவு இருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். பின்னால் கருவி மாட்டும் கொக்கியும் அதை உயர்த்தும் லிவரும் வண்டியோடு வருகின்றனவா என்று கேட்டுவிடுங்கள். தனியாகத் தேடினால் அவை டிராக்டரின் விலையில் பாதிவரை கேட்கும்.

இஞ்சின் பெரும்பாலும் கோலர் நிறுவனத்தின் கே வரிசையில் ஒற்றை சிலிண்டர் வார்ப்பிரும்பாக இருக்கும். பாயின்ட் (தீப்பொறிக்கான மின்சாரத்தை விட்டுவிட்டுத் துண்டிக்கும் தொடுமுனை) இடைவெளி 0.020 அங்குலம், பேட்டரி இக்னிஷன் உள்ளதில் பிளக் இடைவெளி 0.035 அங்குலம், நல்ல எண்ணெய், சுத்தமான கார்புரேட்டர். இவ்வளவு போதும். ஒன்றை மட்டும் விட்டுவிடாதீர்கள்: இது காற்றால் குளிரும் இஞ்சின். மேல்மூடியைக் கழற்றினால் சிலிண்டரைச் சுற்றியுள்ள தகட்டு இடுக்குகளில் பல ஆண்டுப் புல்லும் எலிக்கூடும் அடைத்திருக்கும். உழவு என்பது இடைவிடாத முழு பாரம். அடைப்போடு உழுதால் இஞ்சின் வெந்துவிடும்.

கலப்பை

இங்கே பயன்படுவது மண்ணை வெட்டி, தூக்கி, வலப்பக்கம் கவிழ்க்கும் ஒற்றை இறக்கைக் கலப்பை. சந்தையில் அதிகம் கிடைப்பது பிரின்லி நிறுவனத்தின் கலப்பை. 1839இல் கென்டக்கியில் தொடங்கிய நிறுவனம் அது. தோட்ட டிராக்டர்களின் பின்கொக்கிக்கு அவர்கள் பின்பற்றிய அளவே பலருக்கும் பொது அளவாகிவிட்டது. தடித்த ஓர் ஆணி குழாய்க்குள் இறங்கிப் பூட்டிக்கொள்ளும் அந்த அமைப்பை ஸ்லீவ் ஹிட்ச் என்பார்கள். 8, 10, 12 அங்குல அகலங்களில் கலப்பை கிடைக்கும். 10 அங்குலம் வாங்குங்கள். 12 அங்குலத்தை இழுக்க எடையும் அனுபவமும் வேண்டும்.

பாகங்களைப் பார்த்துத் தெரிந்துகொள்ளுங்கள். முன்னால் மண்ணை வெட்டுவது கொழு. அதன் மேல் வளைந்து நின்று மண்ணைப் புரட்டுவது இறக்கை. இடப்பக்கம், இன்னும் உழாத மண்ணின் சுவரோடு உரசிக்கொண்டு வரும் நீளத் தகடு பக்கத்தகடு. கலப்பை இடவலமாக ஆடாமல் பிடிப்பது அதுதான். கொழு தேய்ந்து முனை மொட்டையாக இருந்தால் புதிது போடுங்கள். இறக்கையில் ஆழமான துருக்குழிகள் இருந்தால் அந்தக் கலப்பையை விட்டுவிடுங்கள், எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும்.

துருவை இவ்வளவு வலியுறுத்தக் காரணம் உண்டு. இல்லினாய்ஸின் கரிசல் போன்ற புல்வெளி மண் கிழக்கில் இருந்து வந்த வார்ப்பிரும்புக் கலப்பைகளில் அப்பிக்கொண்டது. குடியேறிகள் சில அடிக்கு ஒரு முறை நின்று குச்சியால் சுரண்ட வேண்டியிருந்தது. 1837இல் கிராண்ட் டிட்டூர் என்ற ஊரில் கொல்லர் ஜான் டீர் பழைய இரம்பத் தகட்டின் எஃகை மெருகேற்றி இறக்கை செய்த பிறகுதான் மண் வழுக்கிக்கொண்டு போயிற்று. உங்கள் கலப்பைக்கும் அதே கதைதான். இறக்கையைக் கம்பித் தூரிகையாலும் உப்புத்தாளாலும் முகம் பார்க்கும் அளவு பளபளப்பாக்குங்கள். இறக்கையின் முன்பக்கத்தில் பெயிண்ட் அடித்திருந்தால் முழுவதும் நீக்குங்கள்.

கொழுவுக்கு முன்னால் சுழலும் வட்ட வெட்டுத்தட்டு ஒன்று கிடைத்தால் கட்டாயம் மாட்டுங்கள். புல்லையும் தாளையும் முன்கூட்டியே அறுத்துக்கொடுப்பதால் சாலின் சுவர் கத்தியால் வெட்டியதுபோல் வரும். கலப்பையின் இடது ஓரத்தில் இருந்து அரை அங்குலம் இடப்பக்கம் தள்ளி, உழும் ஆழத்தில் பாதி இறங்கும்படி வையுங்கள்.

சக்கரமும் எடையும்

புல்தரை டயரை வைத்து உழ முடியாது. சாய்ந்த கட்டைகள் உள்ள பண்ணை டயர் வேண்டும். 23×8.50-12, 23×10.50-12 என்ற இரண்டு அளவுகள் வழக்கத்தில் இருக்கின்றன. அகலமானது நன்றாகப் பிடிக்கும் என்று தோன்றும். ஆனால் பத்து அங்குலச் சாலுக்குள் அது இறங்கும்போது சற்றுமுன் புரட்டிய மண்ணை நசுக்கிக்கொண்டே போகும். குறுகியதே என் தேர்வு. காற்றை 6 முதல் 10 பிஎஸ்ஐ வரை குறைத்து வையுங்கள்.

பிறகு எடை. சக்கரத்தில் மாட்டும் வார்ப்பிரும்பு எடைகள் சிறந்தவை. டயருக்குள் திரவம் நிரப்புபவர்களும் உண்டு. கால்சியம் குளோரைடு கரைசல் தண்ணீரைவிடக் கனம், பனிக்காலத்தில் உறையாது, ஆனால் விளிம்பை அரித்துவிடும்; அதனால் சர்க்கரைப் பீட்ரூட் சாற்றில் இருந்து செய்த திரவத்தைப் பலர் நிரப்புகிறார்கள். முன்பக்கமும் சிறிது எடை வேண்டும், இல்லையென்றால் இழுக்கும்போது ஸ்டியரிங் லேசாகிவிடும்.

புதியவர்கள் கவனிக்காத விஷயம் ஒன்று. உழும்போது வலச்சக்கரம் சாலுக்குள்ளும் இடச்சக்கரம் மேட்டிலும் ஓடும். வண்டி வலப்பக்கம் சாய, பாரமும் வலப்பக்கம் போய்விடும். பாரம் குறைந்த இடச்சக்கரம் சுழலத் தொடங்கும், இரு பின்சக்கரங்களுக்கும் இழுவையைப் பிரித்துக் கொடுக்கும் டிஃபரன்ஷியல் வலச்சக்கரத்துக்குப் போக வேண்டிய இழுவையையும் வீணாக்கிவிடும். ஆகவே எடை சமமாகக் கிடைக்காவிட்டால், கூடுதலானதை இடச்சக்கரத்தில் மாட்டுங்கள்.

கலப்பையை நிறுத்துவது

இதற்கு ஒரு மாலைப்பொழுதை ஒதுக்குங்கள். வயலில் அவசரமாகச் செய்யும் வேலை இல்லை இது. சமமான சிமென்ட் தரை, இரண்டு மரக்கட்டைகள், ஒரு ரசமட்டம், ஒரு டேப் இருந்தால் போதும்.

முதலில் ஆழத்தைத் தீர்மானியுங்கள். அகல உழுவதைவிட ஆழ உழு என்று நம் பக்கத்தில் சொல்வார்கள். இறக்கைக் கலப்பையில் அகலமும் ஆழமும் ஒன்றுக்கொன்று கட்டுப்பட்டவை. ஆழம் அகலத்தில் ஏறக்குறையப் பாதியாக இருந்தால்தான் வெட்டிய மண் முழுதாகக் கவிழும். பத்து அங்குலக் கலப்பைக்கு ஐந்து, மிஞ்சினால் ஆறு அங்குலம். எட்டு அங்குலம் ஆழத்துக்கு இறக்கினால் மண் செங்குத்தாக நின்று மறுபடி சாலுக்குள்ளேயே விழும்.

ஐந்து அங்குலம் என்று வைத்துக்கொள்வோம். ஐந்து அங்குலத் தடிப்புள்ள கட்டைகளை இடப்பக்கத்து முன், பின் சக்கரங்களுக்கு அடியில் வைத்து வண்டியை ஏற்றுங்கள். நன்றாகப் பிரேக் போட்டு, வலப்பக்கச் சக்கரங்களுக்கு முட்டுக் கொடுங்கள். இப்போது வண்டி வயலில் சாய்வதுபோலவே சாய்ந்திருக்கிறது. வலச்சக்கரம் நிற்கும் தரைதான் சாலின் அடிமட்டம். கலப்பையை அந்தத் தரைவரை இறக்குங்கள்.

பின்னால் குனிந்து பாருங்கள். வண்டி சாய்ந்திருந்தாலும் கலப்பை சாயக் கூடாது. கொழுவின் வெட்டும் விளிம்பு தரையில் சமமாகப் படிய வேண்டும், பக்கத்தகடு செங்குத்தாக நிற்க வேண்டும். ரசமட்டத்தை வைத்துச் சரிபாருங்கள். சாய்வு இருந்தால், கலப்பைத் தண்டு கொக்கியோடு சேரும் இடத்துப் போல்ட்டுகளைத் தளர்த்தித் திருத்துங்கள்.

அடுத்து முன்பின் சாய்வு. கொழுமுனை தரையைத் தொடும்போது பக்கத்தகட்டின் பின்முனை கால் அங்குலம்போல் தூக்கி நிற்க வேண்டும். இந்தச் சிறிய தலைகுனிவுதான் கலப்பையை மண்ணுக்குள் இழுத்துக்கொண்டு போகிறது. மேலிருந்து அழுத்த வேண்டியதில்லை. குனிவு அதிகமானால் கலப்பை ஆழத்துக்குப் பாய்ந்து வண்டியை நிறுத்திவிடும்.

கடைசியாக அகலம். வலப் பின்டயரின் உட்புற ஓரத்தில் இருந்து பக்கத்தகடு வரை அளந்தால் பத்து அங்குலம் வர வேண்டும், அதாவது கலப்பையின் அகலம். கூடுதலாக இருந்தால் இரு சால்களுக்கு நடுவே வெட்டாத மண் நின்றுவிடும்; குறைவாக இருந்தால் ஏற்கெனவே உழுத இடத்தையே பாதி உழுவீர்கள். கொக்கியில் கலப்பையை நகர்த்தியோ, சக்கரத்தை உள்வெளியாகத் திருப்பி மாட்டியோ இதைச் சரிசெய்யலாம்.

இந்த மூன்றையும் முடித்தபின் போல்ட்டுகளை இறுக்கி, அவற்றின் இடத்தைச் சாக்பீஸால் குறித்துவையுங்கள்.

மண்ணின் பதம்

ஐந்து அங்குல ஆழத்தில் இருந்து ஒரு பிடி மண் எடுத்து உருண்டையாகப் பிடித்து, கட்டைவிரலால் அழுத்துங்கள். உதிர்ந்தால் உழலாம். பிசைந்த மாவுபோல் நீண்டால் வீட்டுக்குப் போய்விடுங்கள். ஈரக் களிமண்ணை உழுதால் காய்ந்தபின் செங்கல்லாகிவிடும், அந்தப் பருவம் முழுவதும் நிலத்துக்காரர் உங்களை நினைத்துக்கொண்டிருப்பார். மிகவும் காய்ந்திருந்தாலோ கலப்பை இறங்காது.

சரிவான நிலத்தை, குறிப்பாக மேலிருந்து கீழாக, உழாதீர்கள். புல்வேர் பிடித்துவைத்திருந்த மண்ணைப் பெரும்பரப்பில் புரட்டிப்போட்டது, 1930களில் அமெரிக்கச் சமவெளியை மூடிய புழுதிப் புயல்களுக்கு ஒரு முக்கியக் காரணம். பொழுதுபோக்குக்காக மண்ணைத் திறக்கிற நமக்கு அந்தப் பொறுப்பு இன்னும் கூடுதல். இலையுதிர் காலத்தில் உழுதால், நிலத்துக்காரரோடு பேசி அதில் ரை என்ற தானியமோ ஓட்ஸோ விதைத்து மூடிவைக்க ஏற்பாடு செய்யுங்கள்.

முதல் சாலும் அடுத்தவையும்

உங்கள் சொந்த நிலம் என்றால், தோண்டும் முன் அமெரிக்காவில் 811 என்ற எண்ணை அழைத்து நிலத்தடிக் குழாய், மின்கம்பி எங்கே போகின்றன என்று குறித்துத் தரச் சொல்லுங்கள். அது இலவசம். புல்லை ஒட்ட வெட்டிவிடுங்கள். இரு முனைகளிலும் வண்டி திரும்புவதற்குப் பதினைந்து அடிபோல் உழாமல் விடுங்கள்.

எதிர்முனையில் ஒரு கம்பு நட்டு, அதற்கும் அப்பால் ஒரு மரத்தையோ கம்பத்தையோ நேர்கோட்டில் பிடித்துக்கொள்ளுங்கள். கண் அங்கேயே இருக்கட்டும். கலப்பையைத் திரும்பித் திரும்பிப் பார்த்தால் சால் பாம்பாகிவிடும், முதல் சாலின் வளைவு கடைசிச் சால் வரைக்கும் தொடரும். இரண்டாம் கியர், நிதானமாக நடக்கும் வேகம், இஞ்சின் முழு வேகத்தில்.

முதல் சாலை மூன்று அங்குல ஆழத்தில் மட்டும் வெட்டுங்கள். நான்கு சக்கரங்களும் மேட்டில் ஓடுவதால் வண்டி சாயாது. சாய்வுக்கு என்று நிறுத்திய கலப்பை கோணலாகத்தான் வெட்டும். அதைப் பார்த்துவிட்டுப் போல்ட்டில் கைவைக்காதீர்கள். முனையில் கலப்பையைத் தூக்கி, வலப்பக்கம் திரும்பி வாருங்கள். திரும்பும் சாலின் மண் முதல் மண்ணின் மேல் சாய்ந்து, இரண்டும் கூரைபோல் ஒரு முகடாகச் சேர வேண்டும். மூன்றாவது சாலில் வலச்சக்கரங்களை முதல் சாலுக்குள் இறக்குங்கள். இப்போது முழு ஆழம். அதன்பின் எப்போதும் வலப்பக்கமாகவே திரும்பிச் சுற்றிச் சுற்றி வந்தால், முகட்டின் இருபுறமும் உழவு விரிந்துகொண்டே போகும்.

நான்கைந்து சால் ஆனபின் இறங்கி நடந்து பாருங்கள். இதில் அவசரப்படாதவர்களே சீக்கிரம் தேறுகிறார்கள். சாலின் அடி சமமாக இருக்கிறதா? ஒரு பக்கம் பள்ளமாக இருந்தால் கலப்பை அந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது. புரட்டிய மண் வரிசைகள் ஒரே உயரத்தில் இல்லாமல் ஒன்று விட்டு ஒன்று எழும்பி நின்றால், வெட்டும் அகலத்தில் பிழை. மண் முழுதாகக் கவிழாமல் பாதியில் நின்றால் ஆழத்தைக் குறையுங்கள், அல்லது வேகத்தைச் சற்றுக் கூட்டுங்கள். கலப்பை மேலே மேலே வந்தால் கொழுமுனையைப் பாருங்கள், பிறகு முன்பின் சாய்வைப் பாருங்கள். ஒவ்வொரு தடவையும் ஒரே ஒரு திருத்தம் செய்யுங்கள். இரண்டை ஒன்றாக மாற்றினால் எது பலித்தது என்று தெரியாது.

ஆபத்து எங்கே

இந்த வண்டிகளில் கவிழ்ந்தால் காக்கும் சட்டம் கிடையாது. கலப்பை கல்லிலோ வேரிலோ மாட்டி நின்றால், இழுவை வண்டியின் முன்பக்கத்தைத் தூக்கப் பார்க்கும். உடனே கிளட்சை மிதியுங்கள். பின்னால் சற்று நகர்ந்து, கலப்பையைத் தூக்கி, கல்லை எடுத்துவிட்டுத் தொடருங்கள். எதையும் பின் அச்சுக்கு மேலே கட்டி இழுக்கக் கூடாது. கொக்கி எப்போதும் தாழ்வாகவே இருக்க வேண்டும். கலப்பை மண்ணில் இருக்கும்போது திருப்பக் கூடாது; மாட்டிய கலப்பையை விடுவிக்கச் சற்று நகர்வது தவிர, பின்னோக்கி ஓட்டவும் கூடாது. குழந்தைகளை மடியில் வைத்து ஓட்டும் ஆசையை அடியோடு விடுங்கள். உழவு நாளில் முன்னால் போகிறவர் எந்த நொடியும் நிற்கலாம். நல்ல இடைவெளி விட்டு ஓட்டுங்கள். அவருடைய சாலுக்குள்தான் உங்கள் வலச்சக்கரம் இறங்குகிறது. அவர் கோணலாக உழுதிருந்தால் நீங்கள் அடுத்த சாலில் சிறிது சிறிதாக நேராக்கலாம், ஆனால் அதைச் சத்தமாகச் சொல்ல வேண்டாம்.

கை பழகியபின் போட்டி உழவு பக்கம் மனம் போகலாம். அந்த மரபு பெரியது: 1948 செப்டம்பரில் அயோவா மாநிலத்து டெக்ஸ்டரில் நடந்த தேசிய உழவுப் போட்டிக்கு அதிபர் ட்ரூமன் வந்து, திரண்டிருந்த விவசாயிகளிடையே தேர்தல் பிரசாரம் செய்தார்; உலக உழவுப் போட்டி 1953இல் கனடாவின் கோபர்க்கில் தொடங்கியது. உள்ளூர்ப் போட்டிகளில் நடுவர்கள் பார்ப்பவை நான் மேலே சொன்னவையே: நேரான சால், சீரான முகடு, வெளியே தலைகாட்டாத புல், ஆழம் குறைந்த சுத்தமான கடைசிச் சால்.

வேலை முடிந்ததும்

கலப்பையை அன்றைக்கே கழுவுங்கள். மண்ணில் உரசிப் பளபளத்த இறக்கை ஓர் இரவு ஈரத்திலேயே துருப்பிடிக்கத் தொடங்கும். துடைத்துக் காயவைத்து, இறக்கை, கொழு, பக்கத்தகடு மூன்றிலும் கெட்டியாகக் கிரீஸ் பூசுங்கள். நீண்ட நாள் வைப்பதாக இருந்தால் கிராஃபைட் பூச்சு இன்னும் நல்லது, மண்ணில் தானே தேய்ந்து போய்விடும். இஞ்சின் எண்ணெயைச் சூடாக இருக்கும்போதே மாற்றுங்கள். இடுக்குகளில் சேர்ந்த தூசியை ஊதிவிடுங்கள். சக்கரப் போல்ட்டுகளையும் எடைகளின் போல்ட்டுகளையும் மறுபடி இறுக்குங்கள், ஒரு நாள் உழவில் அவை கட்டாயம் தளர்ந்திருக்கும். கலப்பையைக் கொட்டகையில் மண்தரை மேல் விடாமல் ஒரு பலகையில் ஏற்றி வையுங்கள், கொழுமுனை சுவர்ப்பக்கம் பார்க்கட்டும். இருட்டில் தடுக்கினால் காலைக் கிழித்துவிடும்.